தாத்தா மலையேறிய தேதி

ஒரு சட்டமன்ற உறுப்பினர் தம் ஐந்தாண்டுப் பதவிக் காலத்தில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளைக் கோர்ட் வழக்கோடு கழித்தார். ஊழல் செய்தார் என்று வழக்கில்லை. பணம் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்றும் வழக்கில்லை. அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர், அவருடைய தாத்தா பாட்டி எந்த ஆண்டில் இந்த மலைக்கு வந்தார்கள் என்பதுதான் வழக்கு.

காந்தலூர், மறையூர், வட்டவடை, மூணாறு எல்லாம் சேர்ந்த நம் தேவிகுளம் தொகுதியில் 2021ஆம் ஆண்டு வெற்றி பெற்ற வழக்கறிஞர் அ. ராஜாவைத்தான் சொல்கிறோம். 2025 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவருடைய தேர்தல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கட்சிக்காரர்கள் மகிழட்டும், எதிர்க் கட்சிக்காரர்கள் வருந்தட்டும். அது அவர்கள் பாடு. இந்த மலையில் கூலிக்கு வந்து தங்கிய குடும்பங்களுக்கு இந்த வழக்கில் வேறொரு சங்கதி இருக்கிறது. அதை எந்த மேடையிலும் யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த உறுப்பினரிடம் கேட்ட கேள்வியைத் தாலுகா ஆபீசில் நம்மிடமும் கேட்கிறார்கள். அவருக்குப் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். நமக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம்.

2021 ஏப்ரல் 6ஆம் தேதி வாக்குப்பதிவு. மார்க்சிஸ்ட் கட்சியின் ராஜா 59,049 வாக்குகள் பெற்றார். காங்கிரஸ் வேட்பாளர் டி. குமார் 51,201 பெற்றார். வித்தியாசம் 7,848. இருவருமே தமிழர்கள். தேவிகுளம் பட்டியல் ஜாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. மே 24ஆம் தேதி சபையில் ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். அதே சபையில் மஞ்சேஸ்வரம் உறுப்பினர் அஷ்ரப் கன்னடத்தில் ஏற்றார். கேரளம் மலையாளிகளுக்கு மட்டுமான வீடல்ல என்று நாட்டுக்கு எடுத்துக் காட்டிய நாள் அது. நமக்கும் பெருமைதான்.

ஆனால் அந்தப் பெருமை பத்து நாள்கூட நிலைக்கவில்லை. உறுதிமொழியின் தமிழ் வாசகத்தில் பிழை இருந்தது. கடவுளின் பெயரால் என்றோ, உளமார உறுதி கூறுகிறேன் என்றோ ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும், இரண்டுமே இல்லை. மொழிபெயர்த்துக் கொடுத்தது அரசின் சட்டத் துறை. முறையாக உறுதிமொழி எடுக்காதவர் சபையில் உட்கார்ந்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியல் சட்டத்தின் 193ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்க் கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. ஜூன் 2ஆம் தேதி சபாநாயகர் முன்னிலையில் ராஜா மறுபடியும் உறுதிமொழி எடுத்தார்.

இதைச் சிறு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் தாய்மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அதே மொழியில் பெறலாம் என்று 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு கடந்த பிறகும் மூன்று வரி உறுதிமொழியைத் தமிழில் பிழையில்லாமல் எழுதித் தர திருவனந்தபுரத்தில் ஆள் அகப்படவில்லை. ஒரு எம்.எல்.ஏ.யின் காகிதத்துக்கே இந்தக் கதி என்றால், காந்தலூரில் பூண்டு உரிக்கும் ஒரு பெண் தமிழில் எழுதிக் கொடுக்கும் மனுவின் கதியை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. தோற்ற வேட்பாளர் உயர் நீதிமன்றம் சென்றார். ராஜா கிறிஸ்தவர், ஆகவே தனித் தொகுதியில் நிற்கத் தகுதியில்லை என்பது அவர் வழக்கு. ராஜாவின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், ஆகவே கேரளத்தில் பட்டியல் ஜாதி உரிமை கேட்க முடியாது என்ற வாதமும் கூடவே வந்தது. குண்டளையில் உள்ள சி.எஸ்.ஐ. சபையின் பதிவேடுகள் கோர்ட்டுக்கு வந்தன. கல்யாணப் போட்டோக்களும் வந்தன. மாப்பிள்ளை, பெண் உடுத்திய உடையைப் பார்த்தாலே இது கிறிஸ்தவக் கல்யாணம் என்று தெரிகிறது என்று நீதிமன்றம் சொன்னது. 2023 மார்ச் 20ஆம் தேதி உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. கோட்டுப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்வது நம் லயங்களில் எல்லா மதத்திலும் வழக்கமாகிவிட்ட காலத்தில், உடையை வைத்து மதத்தை முடிவு செய்வது எவ்வளவு தூரம் சரி என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

ராஜா உச்ச நீதிமன்றம் போனார். 2023 ஏப்ரலில் இடைக்காலத் தடை கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட தடை! சபையில் உட்காரலாம், வாக்களிக்கக் கூடாது, படிகள் வாங்கக் கூடாது. தோட்டத் தொழிலாளிக்கு இந்த நிலைமை புரியும். பெயர் செக்ரோலில் இருக்கும், வேலைக்கும் வர வேண்டும், ஆனால் பேர் போட மாட்டார்கள், சம்பளமும் இல்லை. கடைசியில் 2025 மே மாதம் நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. தாசில்தார் கொடுத்த ஜாதிச் சான்றிதழ் நிலுவையில் இருக்கிறது, அதை உரிய வழியில் யாரும் ரத்து செய்யவில்லை, எதிர்த் தரப்பு காட்டிய சாட்சியம் போதாது என்பது தீர்ப்பின் சாரம். உறுப்பினராக இருந்த முழுக் காலத்துக்கும் உரிய பலன்கள் எல்லாம் அவருக்கு உண்டு என்றும் சொன்னது.

தேவிகுளத்துக்கு இது புதிதல்ல. 1957இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்கு இந்தத் தொகுதி அனுப்பியவர் ரோசம்மா புன்னூஸ். காஞ்சிரப்பள்ளியில் 1913இல் பிறந்தவர், சுதந்திரப் போராட்ட வீராங்கனை அக்கம்மா செரியனின் தங்கை, கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அந்தச் சபையில் முதன்முதலாக உறுதிமொழி எடுத்தவரும், மற்றவர்களுக்கு உறுதிமொழி செய்து வைத்த தற்காலிக சபாநாயகரும் அவரே. அந்த அம்மையாரின் தேர்தலையும் தீர்ப்பாயம் ரத்து செய்தது. காரணம் அவர் தவறு அல்ல, காங்கிரசின் பி.கே. நாயருடைய வேட்புமனுவை அதிகாரி தவறாகத் தள்ளிவிட்டார் என்பது. 1958 மே மாதம் இடைத்தேர்தல். நூலிழைப் பெரும்பான்மையில் நின்ற நம்பூதிரிபாட் ஆட்சிக்கு அந்த ஒரு இடம் பெரிய இடம். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலை மலையாக ஏறிப் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டதைப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். ரோசம்மா மறுபடியும் வென்றார்.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். தேவிகுளம், பீர்மேடு தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற எல்லைப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். 1956 நவம்பர் 1ஆம் தேதி இரண்டு தாலுகாக்களும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அடுத்த ஆண்டே சமவெளியிலிருந்து வந்த, மலையாளம் பேசும், கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணைத் தமிழ்த் தோட்டத் தொழிலாளி தேர்ந்தெடுத்தான். அதற்கடுத்த ஆண்டு மீண்டும் தேர்ந்தெடுத்தான். கொழுந்து எடுக்கிற ஜனங்கள் ஓட்டுப் போடும்போது தாத்தா எந்த ஊர் என்று கேட்கவில்லை. ரோசம்மா புன்னூஸ் பிறகு 1987இல் ஆலப்புழையிலிருந்தும் சபைக்குச் சென்றார். 2013 டிசம்பரில் நூறு வயது நிறைந்து காலமானார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம்.

பட்டியல் ஜாதி யார் யார் என்று குடியரசுத் தலைவர் ஆணை வெளியானது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி. மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் தனி. ஒரு மாநிலத்தில் பட்டியல் ஜாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்புக் கூறியது. 2018இல் அதையே உறுதி செய்தது. இரண்டு மாநிலத்திலும் ஜாதியின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் கதை இதுதான். ஆகவே தேவிகுளம் தாலுகா ஆபீசில் தமிழ்க் குடும்பம் ஜாதிச் சான்றிதழ் கேட்டால் முதல் கேள்வி, 1950க்கு முன்பே உங்கள் முன்னோர் இங்கே இருந்தார்களா, ஆதாரம் எங்கே?

ஆதாரம்! 1877இல் பூஞ்சாறு ராஜாவிடம் மன்றோ துரை மலையை வாங்கிய நாளிலிருந்து காடு வெட்டியது யார்? 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டபோது செடி நட்டது யார்? 1924 வெள்ளம் மூணாற்றையும் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் அடித்துக்கொண்டு போனதே, அந்த வெள்ளத்தில் அகப்பட்டவர்கள் யார்? திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை ஜில்லாக்களிலிருந்து கங்காணி அழைத்து வந்த நம் முப்பாட்டன்மார் இல்லாமல் இந்த மலை தேயிலை மலையாகவில்லை. இதற்கு ஆதாரம் தேயிலைச் செடியே. ஆனால் தேயிலைச் செடியை அக்ஷயா சென்டரில் ஸ்கேன் செய்ய முடியாது!

வேடிக்கையைக் கேளுங்கள். தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடு, மருத்துவமனை கொடு, கணக்கு வை, பதிவேடு வை என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்திய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. குடியரசின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1951-52இல். பிராவிடண்ட் பண்ட் சட்டம் 1952இல் வந்தது. அதாவது, கூலிக்காரன் பெயரை ஒழுங்காக எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லத் தொடங்கியதே, எந்தத் தேதிக்கு முன்னால் அவன் இருந்தான் என்று காட்டச் சொல்கிறார்களோ அந்தத் தேதிக்குப் பிறகுதான். அதற்கு முன் கங்காணியின் துண்டுக் காகிதம்தான் கணக்கு. அவன் தலையோடு அது போயிற்று.

பழைய காலத்தில் மலைத் தோட்டத்தில் ஏழையின் பிறப்பையும் இறப்பையும் எழுதி வைத்த புத்தகம் பல இடங்களில் ஒன்றே ஒன்று. அது சர்ச் புத்தகம். அந்தப் புத்தகத்தில் தாத்தா பெயர் இருந்தால் 1950க்கு முன் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கும். அதே பக்கம், நீ கிறிஸ்தவன், உனக்குச் சலுகை இல்லை என்பதற்கும் ஆதாரமாகிவிடும். பெயர் இல்லாவிட்டால் இந்து என்பது நிற்கும். இங்கே இருந்தாய் என்பது விழும். இப்படி ஒரு பொறியில் நம் பிள்ளைகளின் படிப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. இ-கிராண்ட்ஸ் உதவித் தொகை, கல்லூரி இடம், பி.எஸ்.சி. வேலை எல்லாம் இந்த ஒரு தாளில் தொங்குகின்றன.

காந்தலூரில் இது இன்னும் சிக்கலானது. அஞ்சுநாட்டின் பழைய ஊர்க்காரர்கள் பல நூற்றாண்டுக்கு முன் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்வழி வரலாறு. அவர்களுக்குக் கோயில் உண்டு, நிலம் உண்டு, பட்டா உண்டு. ஆனால் பூண்டுக்கும் உருளைக்கும் கரும்புக்கும் கூலியாக வந்து தங்கியவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஊர், ஒரே தமிழ், ஒரே சந்தை. ஒருவன் ஊர்க்காரன், இன்னொருவன் வந்தவன். காந்தலூர்ப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023இல் நாட்டின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் தங்க விருதும் கிடைத்தது. பூண்டுக்கு இந்த மண்ணின் பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். பூண்டு நட்டவன் பேத்திக்குக் கொடுக்க இன்னும் மனம் வரவில்லை.

தமிழ்நாட்டில் போய் வாங்கிக்கொள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். இறங்கினால் உடுமலை, ஏறினால் மூணாறு என்று இருக்கிற நமக்குத் தூரம் பெரிதல்ல. ஆனால் அங்கே வீடில்லை, ரேஷன் கார்டு இல்லை, ஓட்டு இல்லை. கேரளத்தில் குடியிருக்கிறாய், அங்கேயே கேள் என்று அந்த ஆபீசில் திருப்பி விடுவார்கள். தகப்பனுக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த சான்றிதழ் இருந்தால், அதை வைத்துப் பிள்ளைக்கு இங்கேயே சான்றிதழ் தர மத்திய அரசின் விதிமுறை இடம் கொடுக்கிறது. அது மத்திய அரசு வேலைக்கும் சொந்த மாநிலத்துக்கும் உதவும்; கேரள அரசின் சலுகைக்கு உதவாது. அந்தத் தாளாவது இருக்கிறவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தமிழனுக்குத் தாத்தாவின் காகிதம் கேட்பது கேரளம் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. கடலுக்கு அப்பால் இலங்கையில் 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஓட்டுப் போட்டார்கள். தொண்டமான் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, காகிதம் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் ஏது காகிதம்? லட்சக்கணக்கானவர் நாடற்றவர் ஆனார்கள், ஓட்டும் போனது. 1952 தேர்தலில் அவர்களுக்குப் பேச ஒருவர் இல்லை. இங்கே நிலைமை அவ்வளவு கொடிது அல்ல. நமக்கு ஓட்டு இருக்கிறது, குடியுரிமை இருக்கிறது. ஆனால் கேள்வியின் ஜாடை ஒன்றுதான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்தப் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை. கையில் தாசில்தார் சான்றிதழ் இருந்தவரைச் சான்றிதழ் காப்பாற்றியது. சான்றிதழே கிடைக்காதவருக்கு அந்தத் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. 1950 என்ற கோடு அப்படியே நிற்கிறது. இந்துவாக, சீக்கியராக, பௌத்தராக இருந்தால் மட்டுமே பட்டியல் ஜாதி என்ற கோடும் நிற்கிறது. ஞானஸ்நானம் பெற்றவனுக்கு லயத்தில் தனி வாசல் வைத்து யாரும் மரியாதை செய்யவில்லை என்பது நமக்குத் தெரியும்; சட்டப் புத்தகத்துக்குத் தெரியவில்லை.

இங்கேதான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வேலை தொடங்குகிறது. எம்.எல்.ஏ. என்றால் ரோட்டுக்குக் கல் நாட்டுபவர், கல்யாணத்துக்கு வருபவர், சாவுக்கு மாலை போடுபவர் என்று நாமே பழக்கிவிட்டோம். 2015 செப்டம்பரில் போனசுக்காக மூணாற்று ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் அந்தப் பழக்கத்தை உடைத்தார்கள். தங்கள் ஜாதிக்காரர், மொழிக்காரர், தொகுதியின் உறுப்பினர் என்று பார்க்காமல் எஸ். ராஜேந்திரனைத் திருப்பி அனுப்பினார்கள். தூரத்து ஆலப்புழைக்காரரான அச்சுதானந்தனைக் கூட உட்கார வைத்தார்கள். ஆனால் எட்டு மாதத்தில் வந்த தேர்தலில் அதே ராஜேந்திரன் மூன்றாம் முறையாக வென்றார். கோபம் ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம். இதைப் பற்றி நம் பெண்கள்தான் எழுத வேண்டும். எழுதினால் இந்தப் பக்கத்திலேயே போடலாம்.

ராஜாவைப் பற்றி நமக்குத் தனிப் பகையும் இல்லை, பாசமும் இல்லை. தம் சான்றிதழுக்காக அவர் போராடியதில் தவறும் இல்லை. தேர்ந்தெடுத்த ஐம்பத்தொன்பதாயிரம் பேரின் ஓட்டை ஒரு போட்டோவுக்கு விட்டுக்கொடுக்காதது நல்லதே. ஆனால் அந்தச் சட்டம் எங்கே கடிக்கும் என்று இந்த மலையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. தாத்தாவின் தேதியைக் கேட்டு உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நின்றவர் அவர். அவருக்கும், இனி இந்தத் தொகுதிக்காகச் சபையில் நிற்கும் எவருக்கும், எந்தக் கட்சியாயிருந்தாலும், நாம் வைக்கும் கோரிக்கை வெகு சிறியது.

1950 கோட்டை மாற்ற டில்லியால்தான் முடியும், அதற்கு நாளாகும். ஆனால் எதை ஆதாரமாக ஏற்பது என்பதில் மாநில அரசு செய்யக்கூடியது நிறைய உண்டு. கம்பெனிகளின் பழைய செக்ரோல், சம்பளப் புத்தகம், தோட்டப் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, தோட்ட ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவு இவற்றையெல்லாம் அரசே கேட்டு வாங்கி, படியெடுத்து, தேவிகுளத்தில் ஒரு இடத்தில் வைக்கட்டும். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து போகிற தொழிலாளி, கம்பெனி ஆபீஸ் வாசலில் பழைய தாளுக்குக் கெஞ்சி நிற்க வேண்டாம். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் 70 பேரோடு லயமே மண்ணுக்குள் போனதே, அங்கே ஒரு குடும்பத்தில் தப்பியவன் எந்தப் பெட்டியைத் திறந்து ஆதாரம் காட்டுவான்? தாள் இல்லாத இடத்தில் தாசில்தார் நேரில் வந்து, லயத்தில் மூத்தவர்களிடம் விசாரித்து எழுதிக்கொள்ளட்டும். விண்ணப்பமும் தமிழில் இருக்கட்டும். நிராகரித்தால் காரணத்தைத் தமிழிலேயே எழுதித் தரட்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதற்கு மேல் இதில் ஒரு எழுத்தும் நாம் கூடக் கேட்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் என்ன இருக்கிறது என்று இந்த வாரமே பெட்டியைத் திறந்து பாருங்கள். தாத்தா பெயர் போட்ட எந்தத் தாளானாலும் சரி, கிழிந்த ரேஷன் கார்டானாலும், பழைய பள்ளிச் சான்றிதழானாலும், கிராஜுவிட்டி வாங்கிய ரசீதானாலும் எறியாதீர்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அக்ஷயாவில் கூட்டம் நெரியும். அதற்கு முன்பே போங்கள்.